6,000 டி-ஷர்ட்டுக்கு எத்தனை மூட்டை நூல்? திருப்பூரில் சிறு பனியன் யூனிட் நடத்தும் கணக்கு

கொங்கு நாட்டில் தொழில் வளர்ந்த விதத்தைச் சொல்பவர்கள் 1888இல் கோவைக்கு வந்த ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்து, 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் வரிசையாக எழுந்த நூற்பாலைகளுக்கு வந்து சேர்வார்கள். திருப்பூர் அப்படி வளரவில்லை. இங்கே ஒரு டி-ஷர்ட் முழுவதும் ஒரே கூரைக்குக் கீழே தயாராவது குறைவு. நூல் ஒரு மில்லில் வாங்குவது, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது) ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே அமுக்கிச் சுருக்கி வைப்பது) வேறு இடம், பிரிண்டிங் வேறு இடம், தையல் ஒரு பவர் டேபிளில். இப்படி வேலை பிரிந்து கிடப்பதால்தான் பன்னிரண்டு மெஷின் வைத்திருப்பவர்கூட வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் பங்கெடுக்க முடிகிறது. கோடிக்கணக்கில் முதல் போட்டு நிட்டிங் மெஷினும் சாயப்பட்டறையும் வாங்கத் தேவையில்லை.

ஆனால் அதே காரணத்தால் துணி ஆறேழு முறை கை மாறுகிறது. மாறும் ஒவ்வொரு இடத்திலும் கிலோ குறையும். எங்கே எவ்வளவு குறைவது நியாயம் என்று தெரிந்தவர் நிற்கிறார். தெரியாதவர் மெஷினை விற்கிறார். அதனால் இந்தக் குறிப்பு மெஷின் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், கிலோ கணக்கைப் பற்றி நிறையவும் சொல்லும்.

முதலில் எந்த இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பவர் டேபிள் என்றால் வெட்டிய துணி வரும், தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த படி, துணியாக வாங்கி கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் செய்து கொடுப்பது. மூன்றாவது, நூலிலிருந்து பெட்டி வரை ஆர்டரை நீங்களே எடுப்பது. புதிதாக வருபவர் முதல் படியில் ஒரு வருடமாவது இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. தையல் கூலியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் எந்த டைலர் எதில் கெட்டி, எந்தக் கம்பெனி சனிக்கிழமை பணம் தருகிறது என்பது அங்கேதான் தெரியும். கீழே உள்ள கணக்கு மூன்றாவது படிக்கு உரியது. முதல் இரண்டு படிகளில் இருப்பவரும் இதைத் தெரிந்து வைத்திருந்தால் கூலி பேசும்போது உதவும்.

எடுத்துக்கொள்ளும் ஆர்டர்

ஆண்களுக்கான ரவுண்ட் நெக் அரைக்கை டி-ஷர்ட், 6,000 பீஸ். 30ஆம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த) பருத்தி நூல், சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் துணி), 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). நேவி 3,000, மெரூன் 3,000. எஸ், எம், எல், எக்ஸ்.எல் சைஸ்கள் 1:2:2:1 விகிதத்தில்.

ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்று முதலில் பார்க்க வேண்டும். உடல் நீளத்தையும் கை நீளத்தையும் கூட்டி, மடிப்புக்கும் தையலுக்கும் 10 செ.மீ. சேருங்கள். மார்புச் சுற்றில் பாதியோடு 3 செ.மீ. சேருங்கள். இரண்டையும் பெருக்கி, முன் பின் என்பதால் 2ஆல் பெருக்கி, ஜி.எஸ்.எம்.மால் பெருக்கி, 10,000ஆல் வகுத்தால் கிராம் கிடைக்கும். நம் ஆர்டரின் சராசரி அளவு எம்முக்கும் எல்லுக்கும் நடுவில்: நீளம் 71, கை 21, மார்பில் பாதி 53. அப்படியானால் 102 × 56 × 2 × 160 ÷ 10,000. விடை 183 கிராம். துண்டு முனை, ஓட்டை, கறை என்று கட்டிங் மேஜையில் ஒதுக்குவதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 192 கிராம். கழுத்துப் பட்டைக்கான ரிப் (இழுபடும் துணி) தனி. பீஸுக்கு 6 கிராம் போதும்.

6,000 பீஸ் அனுப்ப 6,000 வெட்டினால் போதாது. 3 சதவீதம் கூடுதலாக 6,180 வெட்டுங்கள். 6,180 × 192 கிராம் என்றால் 1,187 கிலோ முடித்த துணி வேண்டும்.

இனி பின்னோக்கிப் போக வேண்டும். சாயம், காம்பாக்டிங் எல்லாம் சேர்ந்து 7 சதவீதம் இழப்பு என்று வைத்தால், 1,187ஐ 0.93ஆல் வகுக்கிறோம்: 1,276 கிலோ கிரே (சாயம் போடாத) துணி. நிட்டிங்கில் பஞ்சு பறப்பது, கோன் (நூல் சுற்றிய கூம்பு) மிச்சம் என ஒன்றரை சதவீதம், 0.985ஆல் வகுத்தால் 1,295 கிலோ நூல். 50 கிலோ மூட்டைக் கணக்கில் 26 மூட்டை. ரிப்புக்கு 41 கிலோ தனி.

இங்கே பலர் செய்யும் பிழை, வகுப்பதற்குப் பதிலாகக் கூட்டுவது. 1,187 கிலோவோடு 7 சதவீதமும், பிறகு ஒன்றரை சதவீதமும் கூட்டினால் 1,289 கிலோதான் வரும். 6 கிலோவுக்கு மேல் குறைகிறது. அது 30 டி-ஷர்ட். அந்த 30க்காகப் பிறகு ஓடி வாங்கும் நூல் வேறு லாட்டாக (வேறு தடவை தயாரானதாக) இருக்கும். அதைச் சாயம் போட்டால் ஷேட் (நிறச் சாயல்) ஒட்டாது. சின்னக் கணக்குப் பிழைதான், சரிசெய்ய வழி கிடையாது.

நூலும் நிட்டிங்கும்

நூல் வாங்கும்போது பார்க்க வேண்டியது விலை மட்டுமல்ல. 26 மூட்டையும் ஒரே லாட் நம்பரா என்று மூட்டை மூட்டையாகப் பாருங்கள். ஒரே மில், ஒரே கவுண்ட் (நூல் நம்பர்), வேறு லாட் என்றால்கூட ஒரு ரோலில் கலந்துவிட்டால் கிரேயில் ஒன்றும் தெரியாது; நேவி போட்டதும் துணியின் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் சாயக் கூலியும் போயிருக்கும். மெழுகு போட்ட நிட்டிங் நூல்தானா என்று கேட்பதும் அவசியம். நெசவுக்கான நூலை விலை மலிவு என்று வாங்கிப் போட்டால் ஊசியில் உராய்ந்து அறுந்துகொண்டே இருக்கும், துணியில் ஓட்டை விழும்.

30ஆம் நம்பர் நூலில் 160 ஜி.எஸ்.எம். வர 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் லூப் லென்த் (ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம்) 2.8 மி.மீ. அளவில் வைக்க வேண்டும். நிட்டிங்காரரிடம் ஜி.எஸ்.எம்.மை மட்டும் சொல்லாமல் லூப் லென்தையும் சலானில் (சரக்கோடு போகும் சீட்டில்) எழுதிக் கொடுங்கள். மெஷினிலிருந்து இறங்கும் கிரே துணியை வெட்டி எடை பார்த்தால் 160 காட்டாது, குறைவாகத்தான் காட்டும். நனைந்து சுருங்கிய பிறகுதான் எடை ஏறும். இது தெரியாமல் கிரேயிலேயே 160 வேண்டும் என்று இறுக்கச் சொன்னால், சாயம் முடிந்து வரும்போது 180ஐத் தாண்டி நிற்கும்.

30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ், 90 ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்) உள்ள மெஷின் நிமிடத்துக்கு 25 சுற்று சுற்றினால், நின்று போகும் நேரம் கழித்து மணிக்கு 14 கிலோ எடுக்கலாம். 1,276 கிலோவுக்கு 90 மணி நேரம். ஒரே மெஷின் இரவு பகலாக ஓடினால் நான்கு நாள். “பத்து நாள் ஆகுங்க” என்று சொன்னால் உங்கள் நூல் வரிசையில் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

ரோலை இறக்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு மீட்டர் விரித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒரே கோடாக ஓடினால் ஊசி தேய்ந்திருக்கிறது. கறுப்பாக ஓடினால் எண்ணெய். ஓட்டை அங்கங்கே வந்தால் நூலிலோ டென்ஷனிலோ பிரச்சினை. பையர்கள் (ஆர்டர் கொடுப்பவர்கள்) கேட்கும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரையிலான குறைக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டை என்றால் ஒரு அங்குலத்துக்குள் 2, மேலே போனால் 4. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போனால் ரோலைத் திருப்புவது பொதுவான வழக்கம்.

கணக்கு முடிக்கும்போது: கொடுத்த நூல் = வந்த துணி + மிச்சக் கோன் + கழிவு. மிச்சக் கோனைத் திருப்பி வாங்காதவர்கள் நிறையப் பேர். ஒரு ஆர்டரில் இரண்டு மூன்று கிலோதானே என்று தோன்றும்.

சாயம்: அதிகம் போவதும் இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான்

சாயக் கூலி ஏன் இவ்வளவு என்று புதியவர்கள் கேட்பார்கள். பருத்தித் துணியைச் சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் 1 கிலோவுக்கு 7 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில் போட்டு, வெளுப்பது, சாயம், சோப்பு, அலசல் என எட்டு முறை தண்ணீர் மாற்றினால் கிலோவுக்கு 56 லிட்டர். நம் 1,276 கிலோவுக்கு 71,000 லிட்டர். அடர்ந்த நேவி ஏற வேண்டுமானால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பும் போட வேண்டும். அந்த உப்பெல்லாம் நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று ஆர்.ஓ. வடிகட்டி, ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வைத்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் செலவு சாயக் கூலிக்குள் இருக்கிறது. கிலோவுக்குப் பத்து, இருபது ரூபாய் குறைத்துச் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், அவர் எதை விட்டுவிட்டுக் குறைக்கிறார் என்று யோசியுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே சீல் வைத்தால் உங்கள் துணியும் உள்ளே இருக்கும். கப்பல் தேதி அதற்காகக் காத்திருக்காது.

நேவிக்கு உடல் துணி 638 கிலோ, ரிப் 20 கிலோ, மொத்தம் 658. 350 கிலோ மெஷினில் இரண்டு லாட்டாகப் போடலாம். ரிப்பையும் பாதி பாதியாகப் பிரித்து அந்தந்த லாட்டோடு சேர்த்தே போட வேண்டும். ரிப்பை மட்டும் தனியாகச் சின்ன மெஷினில் போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கழுத்து ஒரு நேவி, உடம்பு ஒரு நேவி என்று வந்தால் 3,000 பீஸும் போச்சு. முதலில் லேப் டிப் (சின்னத் துண்டில் சாயம் போட்டுக் காட்டும் மாதிரி), பையர் ஒப்புதல், அதற்குப் பிறகே லாட். ஷேட்டை ட்யூப் லைட்டில் பார்க்காமல் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சத்துக்கு இணையான) வெளிச்சத்தில் பாருங்கள்.

நேவி, மெரூன், கறுப்பு வந்தவுடன் செய்ய வேண்டிய ஒரு சோதனைக்குக் காசே வேண்டாம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சாயத் துணி மேல் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நன்றாகவே கறை ஏறினால் சோப்பு வாஷ் போதவில்லை. பட்டறைக்காரர் தண்ணீரையும் நீராவியையும் மிச்சம் பிடித்திருக்கிறார். உடனே திருப்புங்கள். தைத்த பிறகு வெள்ளை வாஷ்கேர் லேபிளில் நீலம் இறங்கினால் யாரிடமும் திருப்ப முடியாது.

இப்போது எடை. 638 கிலோ நேவி போனால், 7 சதவீத இழப்பில் 593 கிலோ திரும்பி வர வேண்டும். 615 வந்தால் சந்தோஷப்படாதீர்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். பருத்தி நன்றாகக் காய்ந்த நிலையிலும் 8.5 சதவீதம் ஈரம் வைத்திருக்கும் இயல்புடையது. அதற்கு மேல் 3 சதவீதம் ஈரத்தோடு கொடுத்தால் 18 கிலோ தண்ணீர் துணிக் கணக்கில் வந்துவிடும். 90 டி-ஷர்ட்டுக்கான துணி காகிதத்தில் இருக்கும், மேஜையில் இருக்காது. வண்டிக்காரர் “ஈரம் கொஞ்சம் காயலீங்க, இப்பவே எடை போட்டு அனுப்பச் சொன்னாருங்க” என்பார். வாங்கி வையுங்கள், மறுநாள் காலை காய்ந்த பிறகு போட்ட எடையைத்தான் சலானில் எழுத வேண்டும். பயோ வாஷ் (என்சைமால் துணியின் பிசிறை நீக்குவது) கேட்டிருந்தால் இழப்பு இன்னும் 2 முதல் 4 சதவீதம் கூடும், அதை நூல் கணக்கிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

காம்பாக்டிங் முடிந்து வந்த துணியில் இரண்டு சோதனை. வட்டக் கத்தியால் 100 சதுர செ.மீ. வெட்டி எடை பாருங்கள், 1.6 கிராம் என்றால் 160 ஜி.எஸ்.எம். பையர் ஒப்பந்தத்தில் 5 சதவீதம் கூட, குறைய இருக்கலாம் என்று போட்டிருக்கும். பையருக்கு அது சலுகை, உங்களுக்கு அல்ல. துணி 168ல் வந்தால் தரத்தில் பாஸ். ஆனால் அதே 1,187 கிலோவில் 6,180 பீஸ் வராது, 5,886தான் வரும். ஆர்டரே 6,000. அதனால் 160க்குக் கீழே ஒன்றிரண்டு நிற்பதையே நாம் விரும்ப வேண்டும்.

இரண்டாவது சுருக்கம். துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். 47.5 வந்தால் 5 சதவீதம். 71 செ.மீ. உடலில் அது மூன்றரை செ.மீ.; போட்டவர் குனிந்தால் முதுகு தெரியும். காம்பாக்டிங்கில் ஓவர்ஃபீட் (துணியைக் கூடுதலாக உள்ளே தள்ளுவது) கூட்டினால் சுருக்கம் குறையும், ஆனால் ஜி.எஸ்.எம். ஏறும். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். அதே துண்டில் ஓரம் முறுக்குகிறதா என்றும் பாருங்கள். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு காரணமாகத் துவைத்ததும் பக்கத் தையல் முன்பக்கம் ஏறி வரும். 5 சதவீதத்துக்கு மேல் போனால் பையர் ஏற்பது கடினம். தையலில் அதைச் சரிசெய்ய இயலாது.

கட்டிங்

ரோலைப் பிரித்து 24 மணி நேரம் மேஜையில் தளர விடுங்கள். அவசரம் என்று வந்த அன்றே இழுத்துப் பிடித்து லே (வெட்டத் துணியை அடுக்குவது) போட்டால், வெட்டும்போது 71 இருந்த உடல், மறுநாள் பண்டலில் 69.5 ஆகியிருக்கும். லே உயரம் 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கத்தி சாய்ந்து மேல் துண்டும் கீழ்த் துண்டும் வேறு வேறு அளவாகும். சந்தேகம் இருந்தால் மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று எடுத்து பேட்டர்ன் மேல் வைத்துப் பாருங்கள்.

லாட்டும் லாட்டும் ஒரே லேயில் சேரக் கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் ஸ்டிக்கர், பண்டலுக்கு லாட், சைஸ், எண்ணிக்கை. சலிப்பூட்டும் வேலைதான். ஸ்டிக்கர் ஒட்டும் ஆளை மிச்சம் பிடித்த யூனிட்டில்தான் முதல் லாட் முன்பக்கமும் இரண்டாம் லாட் கையும் சேர்ந்து ஒரே சட்டையாக வரும்.

தையல் லைன்

இந்த ஸ்டைலுக்கு 12 மெஷின்: ஓவர்லாக் (ஓரம் வெட்டித் தைப்பது) 6, பேட்லாக் (ஃப்ளாட்லாக், மடிப்பைத் தட்டையாகத் தைப்பது) 3, சிங்கர் (சாதாரண நேர் தையல்) 3. தோள் பட்டை சேர்க்க ஓவர்லாக் ஒன்று, ரிப் வளையம் மூட சிங்கர், கழுத்து ஏற்ற ஓவர்லாக் ஒன்று, பின் கழுத்து டேப்புக்கும் லேபிளுக்கும் இரண்டு சிங்கர், கழுத்து மேல் தையலுக்குப் பேட்லாக், கை மடிப்புக்குப் பேட்லாக், கை ஏற்ற ஓவர்லாக் இரண்டு, சைடு அடிக்க ஓவர்லாக் இரண்டு, கடைசியில் அடி மடிப்புக்குப் பேட்லாக். இவர்களோடு கைமடி (உதவி ஆட்கள்) ஐந்து பேர், செக்கிங் மூன்று, அயர்னிங் இரண்டு, பேக்கிங் இரண்டு. மொத்தம் 24 பேர்.

ஒரு பீஸுக்கு எல்லா வேலையும் சேர்த்து 7 நிமிடம் என்று வைப்போம். 12 டைலர் × 480 நிமிடம் ÷ 7 என்றால் 822 பீஸ். காகிதத்தில் மட்டும். புது லைனில் அதில் பாதி, 410 கிடைத்தாலே நல்லது. 6,180க்கு 15 நாள். தேதி ஒத்துக்கொள்ளும்போது இந்த 15ஐ வைத்துப் பேசுங்கள்; 822ஐ வைத்துப் பேசி மாட்டிக்கொள்பவர்கள்தான் கடைசி வாரம் இரவு முழுக்க லைட் எரிய விடுகிறார்கள்.

லைனின் வேகம் அதில் மெதுவாக நகரும் ஒரு சீட்டின் வேகம்தான். கழுத்து ஏற்ற 50 விநாடி ஆனால் மணிக்கு அதிகபட்சம் 72. நூல் மாற்றுவது, பண்டல் எடுப்பது போக 50தான் மிஞ்சும். அடி மடிப்புக்காரர் மணிக்கு 90 அடித்தாலும் பயனில்லை. எங்கே பண்டல் குவிகிறதோ அந்தச் சீட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஆள் மெதுவாக இருக்க மாட்டார். ரிப் அளவு சைஸுக்குச் சைஸ் மாறியிருக்கும், அவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊசி: சிங்கிள் ஜெர்சிக்குப் பால் பாயிண்ட், 65 அல்லது 70 நம்பர். கூர் முனை ஊசி லூப்பை விலக்காமல் நூலை அறுக்கும். அயர்ன் மேஜையில் எதுவும் தெரியாது. முதல் துவையலுக்குப் பிறகு தையலை ஒட்டிப் பொடிப்பொடியாக ஓட்டை விழும். துணியைத் தையலோடு சேர்த்து இரு கையாலும் குறுக்கே இழுத்தால் அந்த ஓட்டை முன்கூட்டியே கண்ணில் படும். ஒவ்வொரு சீட்டிலும் காலையும் மதியமும் ஒரு பீஸை இப்படி இழுத்துப் பார்ப்பது போதும். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல். அடி மடிப்பு அலை அலையாக நின்றால் ஊசியில் குறையில்லை, டிஃபரன்ஷியல் ஃபீடை (துணியை முன்னும் பின்னும் வேறு வேகத்தில் தள்ளும் அமைப்பை) மாற்ற வேண்டும். அதோடு டைலர் துணியை இழுப்பதையும் நிறுத்த வேண்டும்.

ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 10 பேர் ஆனதும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 பேர் ஆனதும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி). நம் 24 பேருக்கு இரண்டும் உண்டு. இ.எஸ்.ஐ. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு: நிர்வாகம் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. காலை 8.30 முதல் இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்ட் என்பது ஊர் வழக்கம். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. ஏற்றுமதி ஆர்டரில் பையரின் ஆடிட்டர் முதலில் புரட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான். தீபாவளிக்குப் பிறகும் பொங்கல் வாரத்திலும் பாதி சீட் காலி. வட மாநிலத்து ஆட்கள் இருந்தால் சத் பூஜை, ஹோலி நாள்களையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதை மாதா மாதம் ஒதுக்காதவர் ஐப்பசியில் கடன் வாங்குவார்.

செக்கிங், பேக்கிங்

6,000 பீஸ் லாட்டில் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் பையர் ஆள் 200 பீஸ் எடுப்பார். பெரிய குறை 10 வரை பாஸ், 11 ஆனால் மொத்தமும் ஃபெயில். உள்ளே அதே 200ஐ முன்னதாகவே நீங்கள் எடுத்துப் பாருங்கள், 7க்கு மேல் வந்தால் மறுபடி முழு செக்கிங். ஸ்டீம் அயர்ன் பண்ணிய சூட்டோடு பாலி பேக்கில் போடாதீர்கள். உள்ளே வியர்த்து, கண்டெய்னரில் மூன்று வாரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

விலை போடுவது

நூல் விலை அடிக்கடி மாறும் என்பதால் இங்கே போடும் விலைகள் வெறும் உதாரணம். நூல் கிலோ 300, நிட்டிங் 15, சாயம் 100, காம்பாக்டிங் 12 என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கூட்டினால் 427. தவறு. 1 கிலோ முடித்த துணி வர 1.092 கிலோ நூல் வேண்டும், 1.075 கிலோ கிரேயைப் பின்னிச் சாயம் போட வேண்டும். நூல் 327.50, நிட்டிங் 16, சாயம் 107.50, காம்பாக்டிங் 12. ஆக 463. கிலோவுக்கு 36 ரூபாய் வித்தியாசம். பீஸுக்கு 192 கிராம் என்றால் ஏழு ரூபாய். சிறு யூனிட்டுக்குப் பீஸில் மிஞ்சுவதே பல ஆர்டரில் அவ்வளவுதான். 427ஐ வைத்து விலை சொன்னவர் லாபத்தை முதல் வரியிலேயே பையருக்குக் கொடுத்துவிட்டார்.

இதன் மேல் ரிப், தையல் கூலி, நூல்கண்டு, லேபிள், பாலி பேக், அட்டைப்பெட்டி, வண்டி வாடகை, மின்சாரம், கூடுதலாக வெட்டிய 3 சதவீதம், பணத்துக்கு வட்டி. கடைசி இரண்டையும் விட்டுவிடுவது சகஜம்.

வட்டி ஏன் என்றால்: துணிக்கு மட்டும் ஐந்தரை லட்சம். நூலுக்கு மில் முன்பணம் கேட்கும், இல்லையென்றால் சில நாள் தவணைதான் தரும். ஆள் கூலி சனிக்கிழமை தோறும். நூல் வாங்கிய நாளிலிருந்து பெட்டி ஏற 35 நாள். பையர் 60 நாள் தவணை கேட்டால் பணம் வர 95 நாள். அதற்குள் அடுத்த இரண்டு ஆர்டருக்கு நூல் வாங்க வேண்டி வரும். ஆகவே ஒரு ஆர்டர் ஓட்ட மூன்று ஆர்டருக்கான பணம் கையில் அல்லது வங்கியில் வேண்டும்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) இலவசம், முதல் நாளே எடுத்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2024 முதல் விதி வந்திருக்கிறது. நடைமுறையில் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயந்து புகார் கொடுப்பவர்கள் குறைவு. குறைந்தது ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சடித்து விடுங்கள்; மார்ச் மாதத்தில் எதிர்த் தரப்பு ஆடிட்டரே அதைப் பார்த்துப் பணம் போடச் சொல்வார்.

ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்கு வெளியே செய்து வாங்கும் வேலைக்கு) துணி வெளியே போகும்போதெல்லாம் டெலிவரி சலான் போட வேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. விழும். சலானில் கிலோ, ரோல், லாட் மூன்றும் இருந்தால்தான் பின்னால் சண்டை வந்தாலும் பேச முடியும். ரோல் எண்ணிக்கையை மட்டும் எழுதிய சலான் எதற்கும் உதவாது.

மிச்சம்

கட்டிங் வேஸ்ட்டைத் தரையில் கூட்டி ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். வெள்ளை தனி, கலர் தனி, லைக்ரா (ரப்பர் போல் இழுபடும் இழை) கலந்த ரிப் தனி. வெள்ளைக்கும் கலருக்கும் விலை வேறு. பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் மில்களுக்கு லைக்ரா கலந்தது தொந்தரவு என்பதால் அது கலந்த மூட்டைக்கு மொத்தமாகவே விலை இறங்கும். கூடுதலாக வெட்டியதில் மிஞ்சிய பீஸும் செகண்ட்ஸும் (குறையுள்ள பீஸும்) காதர்பேட்டை பனியன் சந்தையில் போகும். அதற்கு முன் பையரின் லேபிளையும் டேக்கையும் வெட்டி எடுத்து எண்ணி வையுங்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். பிராண்ட் லேபிளோடு ஒரு சட்டை தெருவில் தொங்கினால் அடுத்த ஆர்டர் வராது. எத்தனை வெட்டினோம், எத்தனை அனுப்பினோம், எத்தனை செகண்ட்ஸ், எத்தனை காணோம் என்று நான்கு எண்ணையும் ஆர்டர் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். காணாமல் போனது 20க்கு மேல் இருந்தால் அடுத்த நூல் வாங்குவதற்கு முன் அது எந்தப் பண்டல் நம்பரில் ஆரம்பித்தது என்று தேடிப் பார்க்க வேண்டும்.